வச்சிருக்கவர் சொல்லட்டும்

துக்க வீட்டிலும் அவர் அதைக் கேட்டார்.

ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். எங்கள் கச்சேரிக் குழுவில் தபேலா வாசிப்பவரின் மாமனார் இறந்துபோயிருந்தார். பெரியவரைக் கண்ணாடி போட்ட ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் மாலையைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றோம். எங்கள் குழுவில் கிட்டார் வாசிக்கும் இவர் மட்டும் பெட்டியின் கால்மாட்டில் குனிந்து, கம்ப்ரஸர் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்திருந்த ஆளைத் தேடிப் பிடித்தார்.

"எத்தனை வருசமா வச்சிருக்கீங்க?"

"நாலு வருசம் ஆச்சுங்க."

"எப்புடி இருக்கு?"

"கொறை சொல்ல முடியாதுங்க. கோடையில மட்டும் கொஞ்சம் மொனகும்."

நான் அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன். "மாமா, உள்ள படுத்திருக்கவரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாம்ல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அவரு வச்சிருக்கவரு இல்ல மாப்ள. வாடகைக்கு இருக்கவரு."

எனக்கு அவர் மாமா இல்லை. அவருக்கு நான் மாப்பிள்ளையும் இல்லை. ஒரே டீக்கடையில் பதினைந்து வருடம் சேர்ந்து நின்றால் எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் ஏதாவது ஒரு முறையாகிவிடுவார்கள். தேங்காய் மண்டிகளுக்கு எதிரே, இரும்பு ஷட்டர் போட்ட ஓர் அறையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்துக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் எரிந்துபோன மோட்டார்களெல்லாம் அவர் வாசலில்தான் வந்து இறங்கும். அவர் மேல் எப்போதும் வார்னிஷ் வாசனை அடிக்கும். சட்டைப் பையில் பேனா இருக்காது, செப்புக் கம்பித் துண்டு இருக்கும். திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று வந்துவிட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எங்கள் இன்னிசைக் குழுவில் முதல் கிட்டார் வாசிப்பார்.

நான் அதே குழுவில் அறிவிப்பாளர். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஜோக் சொல்கிறவன். பாட்டு நடக்கும்போது மேடையில் சும்மா நிற்கக் கூடாதே என்று என் தோளிலும் ஒரு பழைய கிட்டாரை மாட்டிவிட்டிருந்தார்கள். பல தந்திகளைச் சேர்த்து அழுத்துகிற கார்டில் எனக்கு மூன்று தெரியும். அதிலும் ஒன்று சந்தேகம். சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்ஸரில் என் சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஏழு வருடம் கழித்துத் தெரிந்தது. பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. அங்கேயும் ஏறக்குறைய அதே நிலைமைதான்.

அவருடைய கடைக்கு வரும் விவசாயிகள் கேட்பார்கள். "ஏங்க, பெரிய கம்பெனி மோட்டாரு வாங்கவா, அதே மாதிரி செஞ்சு கொறஞ்ச வெலைக்கு வருதே, அதை வாங்கவா?"

"எங்கிட்ட ஏங்க கேக்குறீங்க. எங்கிட்ட வர்றதெல்லாம் எரிஞ்சது. எரிஞ்சதை மட்டும் பாக்குறவன் பேச்சைக் கேட்டா நீங்க ஏத்தம் கட்டித்தான் எறைக்கணும்" என்பார். சொல்லிவிட்டு அந்த மோட்டாரை வாங்கிப் போட்டிருக்கும் இன்னொரு விவசாயிக்குப் போனைப் போடுவார். "அண்ணே, நீங்க வச்சிருக்கீங்கள்ல, எப்புடி இருக்கு? இந்தா, இவருகிட்டச் சொல்லுங்க." போனைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

தன்னிடம் இல்லாத பொருளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வைத்திருப்பவர் சொன்னால் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். இது இரண்டும்தான் அவர். மிக்ஸி, செருப்பு, கண் ஆபரேஷனில் வைக்கும் லென்ஸ் வரைக்கும் இதே கதைதான். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்துப் படுத்திருந்த எங்கள் சங்கத் தலைவரைப் பார்க்கப் போனபோது, ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்த கையோடு, "உள்ளூருதா, வெளிநாட்டுதாங்க? எப்புடி இருக்கு?" என்றார். தலைவருடைய மனைவி அவரை அதற்கப்புறம் வீட்டுக்குள் விடவில்லை. தலைவர் மட்டும் ஆர்வமாகப் பதில் சொன்னார்.

ஒருநாள் நான் கேட்டேன். "வச்சிருக்கவன் பொய் சொல்ல மாட்டானா மாமா?"

"ஏன் சொல்லப் போறான்? விக்கிறவன் சொன்னா அவனுக்கு நாலு காசு. வச்சிருக்கவன் சொல்லி அவனுக்கு என்னா வரப்போகுது?"

நியாயமாகத்தான் பட்டது. என்ன வரும் என்று அப்போது எனக்கும் தெரியாது.

அமெரிக்காவில் செய்கிற எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று இருக்கிறது. பெயரைச் சொன்னாலே வாசிப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதே வளைவு, அதே நிறம், அதே திருகுகள் வைத்து, தலையில் பெயர் மட்டும் இல்லாமல் எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்து மலிவாகவும் விற்கிறார்கள். இவர் குழுவின் பொதுக் கிட்டாரை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்க நினைத்தபோது, ஒரிஜினல் எட்டாது என்பதால் அந்த மலிவு கிட்டாரைத்தான் குறிவைத்தார். அதுவும் உடனே வாங்கவில்லை. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகளைக் கடையில் உட்காரவைத்து, போனில் வாங்கியவர்கள் எழுதியிருந்த கருத்துகளை ஒன்றுவிடாமல் படிக்கச் சொன்னார். ஒரு மாதத்துக்கு மேல் அது நடந்தது.

"அப்பா, இவரு அஞ்சு ஸ்டாரு. சூப்பர்னு போட்டிருக்காரு."

"தள்ளு. அவன் பெட்டியவே இன்னும் பிரிச்சிருக்க மாட்டான்."

"இவரு ஒரு ஸ்டாரு. சுத்த வேஸ்ட்டாம்."

"அவனுக்கு வீட்டுல சண்டை. தள்ளு."

"மூணு ஸ்டாரு. கழுத்துல இருக்க கம்பி ஓரம் கையைக் கீறுச்சு, அரம் போட்டுத் தேச்சேன். கழுத்து கொஞ்சம் தாந்திருந்துச்சு, அட்டை வச்சேன். இப்ப வாசிக்க நல்லா இருக்கு."

அவர் மோட்டாரை விட்டு எழுந்துவிட்டார். "இவன்தாம்மா மனுசன். இன்னொரு தடவ படி."

கிட்டார் வந்தது. அந்த முகம் தெரியாத மூன்று நட்சத்திரக்காரர் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. கம்பி ஓரங்களை அரம் போட்டுத் தேய்த்தார். கழுத்துக்கு முட்டுக் கொடுக்க அட்டை தேடினார். வந்த கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். "வெளிநாட்டுக்காரங்க வீட்டுப் பத்திரிகைதான் மாப்ள கனமா இருக்கு" என்றார். கடைசியில் தேர்வானது என் மகளின் சடங்குப் பத்திரிகை. நான் செலவு செய்து நடத்திய விசேஷங்களில் உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அப்புறம் கிட்டாரைத் திறந்தார். எலக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தத்தைச் சுற்றி, முடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றியிருப்பார்கள். தந்தியின் அதிர்வை வாங்கிச் சத்தமாக அனுப்புவது அதுதான். அதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் தூரத்துச் சொந்தத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தது.

"மாப்ள, இது நம்ம காயிலு" என்றார்.

உட்குழியில், பலகையில், ஊதா மையில் ஒரு முத்திரை குத்தியிருந்தது. வட்டத்துக்குள் மூன்று இலை. "செஞ்சவன் அடையாளம்" என்று எனக்குக் காட்டினார். பிக்கப்பைக் கழற்றி, கம்பியை உருவி எறிந்துவிட்டு, தன் கையாலேயே புதுக் கம்பி சுற்றினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின.

அது எப்படிப் பாடியது என்று சொல்ல எனக்குக் காது போதாது. நார்த்தாமலைப் பக்கம் ஒரு திருவிழாவில், பொழுது சாயும் நேரம், பாட்டின் நடுவில் அவர் ஒற்றைத் தந்தியில் ஒரு சுரத்தை அழுத்தி அப்படியே நிறுத்தினார். அது மேடையைவிட்டு இறங்கி, கூட்டத்தைத் தாண்டி, எதிரே இருந்த பாறையில் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. கடலை வறுத்துக்கொண்டிருந்தவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அடுத்து நான் மைக்கில் ஜோக் சொல்ல வேண்டும். சொல்லத் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல நிகழ்ச்சி அதுதான் என்று குழுவில் சொன்னார்கள்.

விழாக் கமிட்டிக்காரர்கள் போட்டோவில் கிட்டாரின் பெயரைப் பார்ப்பார்கள் என்று எங்களுக்கு ஒரு பயம் உண்டு. பஸ்ஸுக்கும் வேனுக்கும் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் அந்த அமெரிக்கப் பெயரை வெட்டித் தலையில் ஒட்டிக்கொள்வது வழக்கம். நானும் அவரிடம் சொன்னேன். "ஒட்டிருங்க மாமா, யாருக்குத் தெரியப்போகுது?"

"வச்சிருக்க எனக்குத் தெரியுமே."

அதோடு சரி. அந்தக் கிட்டார் கடைசிவரை மொட்டைத் தலையோடுதான் மேடை ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டிலிருந்து என் மச்சினன் ஊருக்கு வந்தான். எனக்காக ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தான். அவனிடம் போனில் நான் அடித்துவிட்ட பெருமையில், என்னைப் பெரிய வித்வான் என்று நம்பிவிட்டான் பாவம். பெட்டிக்குள் ஒரிஜினல். தலையில் அந்தப் பெயர் பொன் எழுத்தில் இருந்தது.

அவர் பார்க்க வந்தார். எங்கள் வீட்டுக் குழாயில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். வேட்டியில் துடைக்காமல் காற்றில் காயவைத்தார். வாங்கி, பிள்ளையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என் மனைவி போனில் ஒரு படம் எடுத்தாள். "வாசிங்க மாமா" என்றேன்.

"வேணாம் மாப்ள. இதை வாசிச்சுட்டுப் போனா என்னோடது கோவிச்சுக்கும். நீ வாசி. ஒரு மாசம் வச்சிருந்துட்டுச் சொல்லு, எப்புடி இருக்குன்னு. வச்சிருந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்."

அந்த ஒரு மாதமும் நான் ஊரில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். டீக்கடைக்குக்கூட அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். குழுவில் முதல் கிட்டார்க்காரரிடம் இல்லாதது இரண்டாம் கிட்டார்க்காரனிடம் இருந்தது.

இருபதாம் நாளோ என்னவோ, ஒயரைச் செருகும் இடம் ஆட ஆரம்பித்தது. நானே ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பின்தகட்டைக் கழற்றினேன். உள்ளே பலகையில் ஊதா மை. வட்டம். மூன்று இலை.

மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.

"அது பாதி வெலைக்குக் கெடச்சுச்சு மச்சான். கடைக்காரன் ஒரிஜினல்னுதான் சொன்னான். ஏன், எதுவும் ரிப்பேரா?"

"இல்ல. சும்மாதான் கேட்டேன்" என்றேன். திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு மூடினேன்.

சரியாக மாதம் முடிந்த அன்று டீக்கடையில் அவர் கேட்டார். எல்லோரும் இருந்தார்கள்.

"வச்சிருக்கேல்ல மாப்ள, எப்புடி இருக்கு?"

இரண்டும் ஒரே பட்டறை மாமா, என் கிட்டார் தலையில் பெயர் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். அது நல்ல ஜோக்காகவும் இருந்திருக்கும். கடை முழுக்கச் சிரித்திருக்கும். ஆனால் எல்லா ஜோக்கையும் என்மேலேயே சொல்லிக்கொள்கிற ஆள் நான் என்று பெயரெடுத்திருந்தாலும், அந்த ஒன்றைச் சொல்லிக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"சொல்லி மாளாது மாமா. ஒரு தந்தியைத் தட்டினா சத்தம் அஞ்சாறு வினாடிக்கு அப்புடியே நிக்குது. ஒங்களோடதுல ரெண்டு வினாடியில செத்துப்போகுதுல்ல, அந்த மாதிரி இல்ல. அதான் ஒரிஜினலு."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "ரெண்டு வினாடியா" என்றார். என்னிடம் கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். வைத்திருக்கிறவன் சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் வாசிப்பதை நான் பார்த்த விதம் வேறு. ஒரு சுரத்தைத் தட்டிவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். பாட்டைக் கேட்க மாட்டார். அந்தச் சுரத்தின் முடிவை மட்டும் கேட்பார். கூட்டம் விசிலடித்துக்கொண்டிருக்கும். அவர் என் பக்கம் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்து, "செத்துப்போச்சு" என்பார். நான் தலையாட்டுவேன். என் சத்தம்தான் மிக்ஸரில் இல்லையே. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்கிற வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை.

பிக்கப்பை மறுபடியும் அவிழ்த்துச் சுற்றினார். சுற்றைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் எந்தக் கம்பியிலும் இல்லை. அது என் வாயில் இருந்து வந்தது. ஒருநாள் கடையில், கையில் ஸ்குரூ டிரைவரோடு கேட்டார்.

"மாப்ள, ஒன்னோடதை ஒரே ஒரு தடவ தொறந்து, காயிலை மட்டும் பாத்துட்டு மூடிரவா?"

"தொறந்தா வாரண்டி போயிரும் மாமா."

"அய்யய்யோ, வேணாம் வேணாம்" என்று கையை இழுத்துக்கொண்டார். மோட்டார் கடைக்காரருக்கு வாரண்டி என்றால் சாமி மாதிரி.

மெல்ல மெல்ல ஒற்றைத் தந்தி வாசிப்பதை விட்டார். வெறும் கார்டு மட்டும் பிடித்தார். அந்த இடங்களையெல்லாம் கீபோர்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அப்புறம் சில கச்சேரிகளுக்கு, கடையில் வேலை கிடக்கிறது என்று வராமல் இருந்தார். ஒருநாள் டீக்கடையில், கிட்டாரை விற்றுவிடப் போவதாகச் சொன்னார்.

"இதை வச்சிருந்தா நமக்குத் திருப்தி வர மாட்டேங்குது மாப்ள. வித்துட்டு, கொஞ்சம் கொஞ்சமாச் சேத்து ஒரிஜினலே வாங்கிருவோம்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். என் வாயில் எப்போதும் வருவதுதான் வந்தது. "வித்துட்டுப் புல்லாங்குழல் வாங்குங்க மாமா, அதுல காயில் எரியாது."

அவர் சிரித்தார். எனக்காகச் சிரித்தார்.

குளத்தூரில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார். அந்த வருடம் மாமாவின் மகளுக்கு நர்சிங் படிப்பு. அடுத்த வருடம் மழையில் கடைச் சுவர் விழுந்தது. ஒரிஜினல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதைப் பற்றி அவர் அலுத்துக்கொண்டதில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், வெளியூரில் படிக்கும் பிள்ளையை விசாரிப்பதுபோல, "நம்ம ஒரிஜினல் எப்புடி இருக்கு?" என்று மட்டும் கேட்பார்.

"நல்லா இருக்கு மாமா."

வேலை இல்லாத நேரத்தில் இடது கை விரல்கள் மோட்டாரின் வயிற்றை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்த விரல்களை விரித்து என்னிடம் காட்டினார். தந்தி அழுத்தி அழுத்தி நுனியில் காய்ப்புக் காய்த்திருக்குமே, அது உரிந்துபோயிருந்தது.

"பாத்தியா, பச்சப்புள்ள கை மாதிரி ஆயிருச்சு. இனிமே தொட்டா வலிக்கும்ல" என்றார்.

தடவிப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. அந்தக் கையில் அப்படி ஓர் இடம் இருக்கக் கூடாது.

போன ஐப்பசியில், காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரர் ஓடிப் போவதற்குள் முடிந்துவிட்டது.

கண்ணாடிப் பெட்டி வந்தது. உர்ரென்று ஓடியது. மழைக்காலம் என்பதால் முனகவில்லை. நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். பெட்டிக்காரர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் ஒருவர் போய்விட்டால் மதியத்துக்குள் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைத்துவிட வேண்டும். குழுவின் சார்பில் வைப்பதற்குப் படம் தேடினார்கள். கிட்டாரோடு இருக்கிற படமாக வேண்டும் என்றார்கள். மேடையில் எடுத்ததெல்லாம் மங்கல். கடைசியில் அவர் மகள்தான் தன் போனிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"இதுலதான் மாமா அப்பா மொகம் தெளிவா இருக்கு. ஒங்க ஒரிஜினலப் புடிச்சுக்கிட்டு. அடிக்கடி எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்பாங்க" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு முக்கில் ஆள் உயரத்துக்கு அதைக் கட்டினார்கள். கழுவிய கை. ஈரம் காய்ந்த விரல்கள். பிள்ளையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறார். கிட்டாரின் தலையில் அந்தப் பொன் எழுத்துப் பெயர் எதிர்த்த கடையிலிருந்து படிக்கிற அளவுக்குத் தெரிந்தது. ஸ்டிக்கர்கூட ஒட்ட மாட்டேன் என்ற மனிதரை, அப்படி ஒரு பொய்யை இரண்டு கையாலும் ஏந்தவைத்துப் பத்து நாள் ஊர் முழுக்கப் பார்க்கவைத்தேன். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். "பரவால்லப்பா, மனுசன் நல்ல கிட்டாராத்தான் வச்சிருந்திருக்காரு."

காரியம் முடிந்த மறுவாரம் நான் குளத்தூருக்குப் பஸ் ஏறினேன். அந்தக் கிட்டாரைத் திருப்பி வாங்கி அவர் மகளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கொடுத்து என்ன சொல்வது என்று மட்டும் நினைக்கவில்லை.

தையல் கடை சின்னது. ஜாக்கெட் துணிகளுக்கு நடுவில் சுவரில் கிட்டார் தொங்கியது. வெட்டிய துணி மிச்சங்களை ஒட்டுப்போட்டு அதற்கு ஓர் உறை தைத்திருந்தார் அந்த அம்மா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறாராம். மாமா இறந்த செய்தியைச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு எனக்கு ஸ்டூல் போட்டார்.

"வச்சிருக்கீங்கள்ல, எப்புடி இருக்கு?" என்றேன். அந்தக் கேள்வியை என் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நல்லாருக்குண்ணே. மழை நாள்ல சுருதி கொஞ்சம் எறங்கும். ஒரு சாவி மட்டும் இறுக்கம். மத்தபடி கைக்கு எதமா இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு மட்டும் மனசுல கெடக்குது. விக்கிறப்ப அந்த அண்ணன் கொறையெல்லாம் ஒண்ணொண்ணா அவராவே எடுத்துச் சொன்னாரு. உள்ள பத்திரிகை அட்டை வச்சிருக்கேன்னுகூடச் சொன்னாரு. கடைசியா, ஒரிஜினல் மாதிரி சத்தம் நிக்காதும்மா, ரெண்டு வினாடியில செத்துப்போகும், ஒரிஜினல் வச்சிருக்கவரே சொன்னாரு, அதை ஒங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னாரு. எனக்கு அப்புடித் தெரியல. ஆனா வச்சிருக்கவரே சொல்லியிருக்காருன்னா சரியாத்தானே இருக்கும். அவரை ஒங்களுக்குத் தெரியுமாண்ணே? ஒரு தடவ கேட்டுப் பாக்கணும்னு இருக்கேன்."

"நான்தாங்க அது."

அவர் என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றேன். "ஒரே எடத்துல செஞ்சது. உள்ள ஒரே முத்திரை. என்னோடதுல பேரு எழுதியிருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"அந்த அண்ணனுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"நீங்க சொல்லலையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"சொல்லியிருந்தா அவரு இதை வித்திருக்கவே மாட்டாரேண்ணே."

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. "அவருகிட்ட இல்லாதது எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதாங்க" என்றேன்.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும், "இதைக் குடுக்குறதா இல்லண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். சொன்னவர் எழுந்து போய் உறையை அவிழ்த்தார். அந்த மொட்டைத் தலையைப் பார்த்தேன். மூலையில் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் ஒயரைச் செருகினார். "கேட்டுட்டு வேணா போங்க."

ஒற்றைத் தந்தியில் ஒரு சுரத்தைத் தட்டி, அழுத்தி, அப்படியே பிடித்தார்.

ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன். நான் சொன்ன இரண்டு தாண்டியது. மூன்று, நான்கு. துணிகளுக்கு நடுவில், தையல் மிஷின் மேல், அந்தச் சத்தம் தொய்யாமல் நின்றது. ஐந்து. ஆறு. என் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. ஏழில் தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன பிறகும் சுரம் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அந்த அம்மா மட்டும் விரலை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.